ஆய்வுக்கட்டுரை கைக்கு வரவில்லையா? அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் வழிமுறை

பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலும் அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் ஆய்வு செய்யும் மாணவர்கள் நூலகத்தில் வந்து சொல்லும் குறை பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்: "ஸார், அந்தக் கட்டுரை கிடைக்கவில்லை." இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நூலகராலும் உதவ இயலாது. குறித்துவைத்த விவரம் தவறாக இருந்தாலும், தேடிய இடம் பொருந்தாததாக இருந்தாலும், படிக்கும் உரிமை இல்லாவிட்டாலும், கோப்பே பழுதாக இருந்தாலும் திரையில் தெரிவது ஏறத்தாழ ஒன்றுதான். பணம் கேட்கும் பக்கத்தைக் கண்டவுடன் பணமே தடை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் என் பார்வையில் பெரும்பாலான தடைகள் அதற்கு முந்தைய படிகளிலேயே, அதாவது குறிப்பிலும் தேடும் சொல்லிலுமே உள்ளன. ஆகவே கீழே அறிகுறிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். உங்கள் திரையில் தெரிவது எதுவோ அங்கிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி: நூலகப் பட்டியலில் கட்டுரைத் தலைப்பை இட்டால் "முடிவுகள் இல்லை" என்று வருகிறது

இது பிழையே அன்று. கணினியில் உள்ள நூலகப் பட்டியல், அது கோஹா மென்பொருளில் இயங்கினாலும் வேறு எதில் இயங்கினாலும், நூல்களையும் இதழ்களையும் பதிவு செய்யுமே தவிர ஒவ்வொரு இதழுக்குள்ளும் இருக்கும் கட்டுரைகளைப் பொதுவாகப் பதிவு செய்வதில்லை. எனவே கட்டுரைத் தலைப்பை விட்டுவிட்டு இதழின் பெயரை இட்டுத் தேடுங்கள். இதழ் கிடைத்தால், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை நூலகத்தில் இருக்கிறது என்ற இருப்பு விவரத்தைப் பாருங்கள். பழைய ஆண்டுகள் பைண்டு செய்யப்பட்டுத் தனி அடுக்கில் இருக்கும். நடப்பு ஆண்டு இதழ்கள் வாசிப்பறையில் இருக்கும்.

இதழின் பெயரே இல்லை என்று வந்தால் அந்த இதழ் பெயர் மாறியதா என்று பார்க்க வேண்டும். பொருளியல் மாணவர்கள் அடிக்கடி தேடும் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' 1966-இல்தான் இப்பெயரில் தொடங்கியது. அதற்கு முன் 1949 முதல் அது 'எகனாமிக் வீக்லி'. 1958-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் புதிய பெயரில் தேடினால் பட்டியல் இல்லை என்றுதான் சொல்லும், அது சொல்வதும் சரியே.

அறிகுறி: இதழ் இருக்கிறது, ஆனால் குறித்த பக்கத்தில் அந்தக் கட்டுரை இல்லை

தமிழ்த் துறையினரை அதிகமாக அலைக்கழிப்பது இதுதான். முதலில் தொகுதி எண்ணும் இதழ் எண்ணும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். இன்றைய தமிழ் ஆய்விதழ்கள் பலவற்றில் 'மலர்' என்பது ஆண்டுத் தொகுதியையும் 'இதழ்' என்பது அதன் உட்பிரிவையும் குறிக்கும். ஆனால் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் 'தமிழ்ப்பொழில்' ஆண்டுத் தொகுதியைத் 'துணர்' என்றும் அதற்குள் வரும் மாத வெளியீட்டை 'மலர்' என்றும் எண்ணியது. 1920-இல் திருநெல்வேலியில் தொடங்கிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் 'செந்தமிழ்ச் செல்வி'யோ தொகுதியைச் 'சிலம்பு' என்றும் உள்ளிதழைப் 'பரல்' என்றும் எண்ணியது. சிலம்புக்குள் பரல் என்ற அழகு படிப்பவருக்கு மகிழ்ச்சி தரும். மேற்கோள் எழுதுபவருக்கோ தொல்லை. ஒருவர் "மலர் 5" என்று குறித்ததை இன்னொருவர் ஐந்தாம் தொகுதி என்று படித்துத் 'தமிழ்ப்பொழில்' ஐந்தாம் துணரை முதலிலிருந்து கடைசி வரை புரட்டுவார்; கட்டுரையோ வேறொரு துணரின் ஐந்தாம் மலரில் இருக்கும்.

அடுத்தது ஆண்டு. பழைய இதழ்களின் அட்டையில் பிரபவ, விபவ என்று தமிழ் ஆண்டின் பெயர்தான் பெரிதாக இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதால், 'பிரபவ' என்பது 1867-இல் தொடங்கியதா, 1927-இல் தொடங்கியதா, 1987-இல் தொடங்கியதா என்பதை இதழின் வாழ்நாளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். தமிழாண்டு சித்திரையில், ஏப்ரல் நடுவில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி இதழ்கள் அடுத்த ஆங்கில ஆண்டைச் சேர்ந்தவை. 1927-இல் தொடங்கிய பிரபவ ஆண்டின் தை இதழ் 1928 ஜனவரியில்தான் வந்திருக்கும். திருவள்ளுவர் ஆண்டு குறிக்கப்பட்டிருந்தால் 31-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். குறிப்பு ஓராண்டு பிசகியதாகத் தோன்றும் இடங்களில் முன்னும் பின்னும் ஒவ்வோராண்டு பார்த்துவிட்டால் பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடும்.

பக்க எண்ணும் வழிகாட்டும். சில இதழ்கள் ஆண்டு முழுவதும் தொடர்ச்சியாகப் பக்க எண் இடும். அவற்றில் 412-ஆம் பக்கம் என்றால் அது ஆண்டின் பிற்பகுதி இதழ் என்பது உறுதி, இதழ் எண் விடுபட்டிருந்தாலும் கவலையில்லை. ஒவ்வோர் இதழும் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதானால் இதழ் எண் இல்லாத குறிப்பு பாதிக் குறிப்புத்தான். அப்போது அந்த ஆண்டின் எல்லா உள்ளடக்கப் பக்கங்களையும் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

இவை எதிலும் தீராவிட்டால் அந்தக் குறிப்பு உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது முந்தைய ஆய்வேடு ஒன்றின் துணைநூற்பட்டியலாக இருக்கும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் அதே பொருள்பற்றிய வேறு ஆய்வேடுகளைத் திறந்து, அதே கட்டுரை அங்கே எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று ஒப்பிடலாம். ஒரே பக்க எண் பத்து ஆய்வேடுகளில் வந்தால் அது சரி என்று நம்பிவிட வேண்டாம். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கவும் கூடும். கட்டுரையாசிரியரே அக்கட்டுரையைப் பின்னர் தம் நூலில் சேர்த்திருந்தால், அந்நூலில் முதல் வெளியீட்டு விவரம் இருக்கும். அது பெரும்பாலும் நம்பத்தக்கது.

ஜெராக்ஸ் தாள்களைப் பற்றி ஒரு சொல். கடையில் அண்ணாச்சி வேகமாக நகலெடுக்கும்போது தாளின் அடிப்பகுதி விட்டுப்போய், இதழ்ப் பெயரும் பக்க எண்ணும் இருந்த வரி காணாமற்போகும். கட்டுரை மட்டும் கையில் மிஞ்சும். அது எதிலிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாது. கட்டுரையோடு அட்டையையும் உள்ளடக்கப் பக்கத்தையும் சேர்த்து நகலெடுக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: திருநெல்வேலியைப் பற்றித் தேடினால் அண்மைக் கட்டுரைகள் மட்டுமே வருகின்றன

ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலே காரணம். ஆங்கிலேயர் காலத்து இதழ்களும், விடுதலைக்குப் பிறகு வந்த பல கட்டுரைகளும் 'டின்னவெல்லி' என்றே எழுதின. எழுத்துக்கூட்டல்: டி, ஐ, என், என், இ, வி, இ, எல், எல், ஒய். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட மாவட்ட வரலாறும் அப்பெயரில்தான் உள்ளது. அதுபோலவே பாளையங்கோட்டையைப் 'பாளம்கோட்டா' என்றும், தூத்துக்குடியை 'டூட்டிகோரின்' என்றும், குற்றாலத்தைக் 'கோர்ட்டல்லம்' என்றும், தாமிரபரணியைத் 'தாம்ப்ரபர்ணி', 'தாம்ரபர்ணி' என இரு வகையாகவும் தேட வேண்டும். ஆய்வுக்கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் இவ்வடிவங்களை 'அல்லது' எனப் பொருள்படும் 'ஆர்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் இடையே இட்டு ஒரே தேடலில் சேர்க்கலாம். ஜேஸ்டோர் என்னும் ஆய்விதழ்க் களஞ்சியத்தில் சொல்லின் முற்பகுதியை மட்டும் எழுதி முடிவில் உடுக்குறி (*) இட்டால் அதன் பிற வடிவங்களும் வரும்.

மாவட்ட எல்லையும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது வடக்குப் பகுதிகள் பிரிந்தன. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்கள் ஆயின. ஆகவே 1970-களின் கட்டுரை "திருநெல்வேலி மாவட்டம்" என்று சொன்னால் அதில் கோவில்பட்டியும் சங்கரன்கோவிலும் அடங்கும். செங்கோட்டை பற்றிய பழைய செய்தி திருவிதாங்கூர் பற்றிய கட்டுரைக்குள் ஒளிந்திருக்கும். தென்காசியைப் பற்றி ஒன்றுமே இல்லை என்று சொல்லும் மாணவர் பெரும்பாலும் 'தென்காசி மாவட்டம்' என்ற தொடரை மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடியிருப்பார்.

செடிகொடிகளைப் பற்றித் தேடும் சித்த மருத்துவ, தாவரவியல் மாணவர்களுக்கு இன்னொரு படி உண்டு. இங்கே கரிசலிலும் மானாவாரி நிலத்திலும் விளைந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஏற்றுமதியாகும் நிலாவாரையை எடுத்துக்கொள்ளுங்கள். வணிக உலகில் அது 'டின்னவெல்லி சென்னா'. பழைய தாவரவியல் கட்டுரைகளில் 'கேசியா அங்குஸ்டிஃபோலியா'. இன்று ஏற்கப்பட்ட பெயர் 'சென்னா அலெக்ஸாண்ட்ரினா'. மூன்றையும் தனித்தனியே தேடினால் மூன்று வேறு கட்டுரைத் தொகுப்புகள் வரும். ஒன்றில் வருவது மற்றொன்றில் வராமலும் போகும். ஆய்வைத் தொடங்குவதற்கு முன் தாவரத்தின் மாற்றுப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு உட்காருவது நல்லது. சித்த மருத்துவம், மரபறிவு ஆகியவை தொடர்பான இந்திய இதழ்களுக்கு, மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் ஒன்று நடத்தும் 'நோப்பர்' என்னும் இலவசக் களஞ்சியத்தையும் பாருங்கள். 'இந்தியன் ஜர்னல் ஆஃப் டிரடிஷனல் நாலெட்ஜ்' இதழின் கட்டுரைகளை அங்கே முழுமையாகப் படிக்கலாம்.

ஆசிரியர் பெயர் கொண்டு தேடும்போதும் இதே கவனம் வேண்டும். அயல்நாட்டுத் தரவுத்தளங்கள் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்ளும். தலைப்பெழுத்தை விரித்துத் தந்தை பெயரைக் கடைசியில் எழுதியவர் தந்தையின் பெயரில் பதிவாகியிருப்பார். அதே ஆசிரியர் வேறொரு கட்டுரையில் தலைப்பெழுத்தோடு எழுதியிருந்தால் இரண்டு ஆட்களாகத் தோன்றுவார்.

அறிகுறி: தமிழில் தேடினால் எதுவும் வருவதில்லை, பி.டி.எஃப். கோப்புக்குள் தேடினாலும் இல்லை

கோப்பில் ஒரு வரியை நகலெடுத்து வேறோரிடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் எழுத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாக வந்தால், அக்கட்டுரை வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது தமிழ் அன்று. தமிழ்நாடு அரசு 2010-இல், கணினிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தரமாக அறிவித்த பிறகும் பல தமிழ் ஆய்விதழ்கள் நெடுநாள் பழைய எழுத்துருவையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. அச்சுக்கூடத்தில் வேலை எளிதாக முடிந்தது, தேடுபவருக்கு அது பாழானது. அத்தகைய கட்டுரையை அதன் ஆங்கிலச் சுருக்கம், ஆசிரியரின் ஆங்கிலப் பெயர், இதழின் பெயர் ஆகியவற்றைக் கொண்டுதான் கண்டுபிடிக்க முடியும். கையில் கிடைத்த பிறகு, என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றி மென்பொருளில் எழுத்துருவின் பெயரைத் தேர்ந்து யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எதையும் நகலெடுக்கவே முடியாவிட்டால் அது வெறும் படம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள பழைய இதழ்கள் பலவும் அப்படித்தான். படத்திலுள்ள எழுத்தைப் படித்தறியும் எழுத்துணரி (ஓ.சி.ஆர்.) கொண்டு அதை உரையாக்கலாம்; ஆனால் 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான ணை, லை, னை, றா, னா போன்ற பழைய வடிவங்களில் அது தடுமாறும் என்பதால், தேடுசொல்லாக அவ்வெழுத்துகள் இல்லாத சொல்லைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

யூனிகோடிலேயே இருந்தும் பட்டியலில் கிடைக்காதபோது தட்டச்சைச் சோதியுங்கள். 'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக 'ஒ'வும் 'ள'வும் அடுத்தடுத்துத் தட்டப்பட்டிருக்கலாம். துணைக்காலுக்குப் பதிலாக 'ர' இருக்கலாம். பதிவு செய்தவர் அப்படித் தட்டியிருந்தால் நீங்கள் சரியாகத் தட்டுவதே தடையாகிவிடும். 'திருநெல்வேலி', 'நெல்லை' என்ற இரண்டையும் இட்டுப் பாருங்கள் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

அறிகுறி: சுருக்கம் மட்டும் தெரிகிறது, முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்கிறது

பணம் கட்டாதீர்கள். முதலில் எங்கிருந்து பார்க்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். பதிப்பகத்தின் தளம் உங்களை அறிவது உங்கள் முகத்தால் அன்று, நீங்கள் வந்த இணைய முகவரியால். கல்லூரி வலையமைப்பிலிருந்து வந்தால் அது சந்தாதாரர் என்று அறிந்து கதவைத் திறக்கிறது. வளாகத்துக்குள் நூலகத்திலேயே உட்கார்ந்திருந்தும், கைப்பேசியின் சொந்த டேட்டாவிலோ ஹாட்ஸ்பாட்டிலோ இணைந்திருந்தால் நீங்கள் அத்தளத்துக்கு வெளியாள்தான். கல்லூரி வைஃபைக்கு மாறி, பக்கத்தைப் புதிதாகத் திறந்து பாருங்கள். மடிக்கணினியில் இணைய முகவரியை மாற்றிக் காட்டும் வி.பி.என். ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

வீட்டிலிருந்து படிப்பதானால் உள்நுழைவு தேவை. கட்டுரைப் பக்கத்தில் "நிறுவனம் வழியாக உள்நுழைக" என்ற பொருள்படும் இணைப்பு இருக்கும். அதில் இன்ஃபெட் என்னும், இந்தியக் கல்வி நிறுவனங்களின் உள்நுழைவுக் கூட்டமைப்பைத் தேர்ந்து, உங்கள் கல்லூரியைப் பட்டியலில் தேட வேண்டும். இங்கே ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. செயின்ட் சேவியர், செயின்ட் ஜான்ஸ் என்ற பெயர்களில் நாடு முழுவதும் கல்லூரிகள் உள்ளன. ஊர்ப்பெயரைப் பார்க்காமல் முதலில் தெரிவதைத் தொட்டால் மும்பைக்கோ கொல்கத்தாவுக்கோ சொந்தமான உள்நுழைவுப் பக்கத்தில் போய் நின்று, சரியான கடவுச்சொல்லைத் தவறு என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். படிப்பு முடிந்தவர்களின் கணக்கு நிறுத்தப்பட்டிருக்கும் என்பதையும், கணக்கை உயிர்ப்பிக்க வேண்டியவர் உங்கள் நூலகர்தான், பதிப்பகம் அன்று என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் நிறுவனம் எந்தத் திட்டத்தின் கீழ் வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குத் திறந்துவிடுவது. 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது; காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் அதை ஒருங்கிணைக்கிறது. அரசு உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றுக்குப் பழகிய வழி, அதே மையம் கல்லூரிகளுக்கு மின்னிதழ்களைத் திறந்துவிடும் என்-லிஸ்ட் திட்டம். அதில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் உண்டு, திறக்கும் இதழ்களின் பட்டியலும் வேறு. நம் பகுதியில் உதவி பெறும் கல்லூரிகளே அதிகம் என்பதால், பல்கலைக்கழகத்தில் திறந்த கட்டுரை பாளையங்கோட்டையில் திறக்காமற்போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். கல்லூரியின் ஆய்வு மையத்தில் இருந்துகொண்டு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருக்கும் முனைவர் பட்ட மாணவர் இரண்டு நூலகங்களிலும் கேட்க வேண்டும். ஒன்றில் மறுத்ததை மற்றொன்றிலும் மறுத்ததாகவே எண்ணி விட்டுவிடுபவர்கள் பலர்.

இதழுக்குச் சந்தா இருந்தும் ஒரு குறிப்பிட்ட கட்டுரை மட்டும் திறக்காவிட்டால், அது சந்தாவின் கால எல்லைக்கு வெளியே இருக்கும். ஜேஸ்டோர் போன்ற களஞ்சியங்களில் பல இதழ்களின் அண்மைச் சில ஆண்டுகள் இருக்காது. ஆண்டுதோறும் அவ்வெல்லை முன்னே நகரும். சில பதிப்பகச் சந்தாக்களில் இதற்கு நேர்மாறாக மிகப் பழைய தொகுதிகள் இருக்காது. கட்டுரையின் ஆண்டை எழுதிவைத்து, எந்தத் தளத்தில் அந்த ஆண்டு உண்டு என்று பாருங்கள்.

உரிமையே இல்லை என்பது உறுதியானால், இலவசப் படியைத் தேடும் கட்டம். கூகுள் ஸ்காலரில் முடிவுக்குக் கீழே உள்ள "அனைத்துப் பதிப்புகளும்" என்ற இணைப்பைத் திறந்தால், அதே கட்டுரையை ஆசிரியர் தம் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இட்டுவைத்த படி கிடைக்கலாம். அமைப்புகளில் 'நூலக இணைப்புகள்' என்ற இடத்தில் உங்கள் நிறுவனத்தைச் சேர்த்துக்கொள்வதும் பயன் தரும். அன்பேவால் என்னும் உலாவி நீட்சி, சட்டபூர்வமான இலவசப் படி இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டைக் காட்டும். மருத்துவக் கட்டுரையானால் பப்மெட் மையம் என்னும் இலவச மருத்துவக் கட்டுரைக் களஞ்சியத்தில் முழு உரை இருக்கிறதா என்று பாருங்கள். ஜேஸ்டோரில் இலவசக் கணக்குத் தொடங்கினால் மாதத்துக்கு 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம், பதிவிறக்க முடியாது. இவை எல்லாம் கைவிட்டால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். நான்கு வரி போதும்: யார், எங்கே ஆய்வு, எந்தக் கட்டுரை, எதற்கு. தம் கட்டுரையை ஒருவர் கேட்டுப் படிக்கிறார் என்பதில் மகிழாத ஆசிரியர் குறைவு.

அறிகுறி: நேற்று வரை திறந்தது, இன்று கல்லூரி முழுவதற்கும் திறக்கவில்லை

யாரோ ஒருவர் மென்பொருளை வைத்து ஓர் இதழின் முழுத் தொகுதிகளையும் மொத்தமாக இறக்கியிருப்பார். அதைக் கண்ட பதிப்பகம் கல்லூரியின் இணைய முகவரியையே அடைத்துவிடும். தனிப்பட்ட ஆய்வுக்காக நியாயமான அளவில் நகலெடுப்பதை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது; மொத்தமாக அள்ளுவதைச் சந்தா ஒப்பந்தம் அனுமதிப்பதில்லை. நூலகர் எழுதிக் கேட்டால் அடைப்பு நீங்கும்.

அறிகுறி: டி.ஓ.ஐ. எண்ணை இட்டால் "கண்டறிய முடியவில்லை" என்கிறது

டி.ஓ.ஐ. என்பது ஒரு கட்டுரைக்கு இணையத்தில் தரப்படும் நிலையான அடையாள எண். அது 10 என்று தொடங்கி, ஒரு புள்ளியும் சில இலக்கங்களும் சாய்கோடும் வர வேண்டும். வாக்கியத்தின் முற்றுப்புள்ளி எண்ணோடு ஒட்டிவந்திருக்கிறதா, வரி மடங்கிய இடத்தில் இடைவெளி புகுந்திருக்கிறதா, சுழியம் ஆங்கில 'ஓ'வாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொருட்டன்று. எண்ணைத் திருத்த முடியாவிட்டால் இவ்வெண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் தளத்தில் கட்டுரைத் தலைப்பை இட்டுச் சரியான எண்ணைப் பெறலாம். தமிழ் ஆய்விதழ்கள் பலவற்றுக்கு இவ்வெண்ணே கிடையாது; அதனால் மட்டும் கட்டுரையை ஐயுற வேண்டாம்.

அறிகுறி: எங்கு தேடினாலும் அப்படி ஒரு கட்டுரை இருந்ததற்கான தடமே இல்லை

சாட்ஜிபிடி போன்ற செயலியிடம் கேட்டு வாங்கிய குறிப்பா என்று முதலில் உங்களையே கேளுங்கள். அவை உண்மையான ஆசிரியர் பெயரையும் உண்மையான இதழ்ப் பெயரையும் சேர்த்து, இல்லாத கட்டுரையை நம்பும்படி அமைத்துத் தரும். சோதிப்பது எளிது. 1966-இல் முதல் தொகுதி வெளிவந்து ஆண்டுக்கு ஒரு தொகுதியாக வளர்ந்த 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'க்கு 2020 என்பது 55-ஆம் தொகுதி; 2020 என்று எழுதி 48-ஆம் தொகுதி என்றால் ஏதோ பொய். கணக்குப் பொருந்தினாலும், இதழின் தளத்துக்குப் போய் அந்த இதழ் எண்ணின் உள்ளடக்கத்தைத் திறந்து, அந்தப் பக்கங்களில் உண்மையில் யாருடைய கட்டுரை இருக்கிறது என்று பாருங்கள். வேறொருவருடைய கட்டுரை இருந்தால் தேடலை அங்கேயே நிறுத்திவிடலாம். செயலி தந்த துணைநூற்பட்டியலைச் சோதிக்காமல் ஆய்வேட்டில் சேர்ப்பது, வாய்மொழித் தேர்வு நாளில் தேவையற்ற அவமானத்தை வாங்கித் தரும்.

அறிகுறி: கட்டுரை இலவசமாகக் கிடைத்தது, நெறியாளர் ஏற்க மறுக்கிறார்

இதழின் தரம் பற்றிய ஐயம் இது. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் பட்டியலாக 2019-இல் வெளியிட்ட யு.ஜி.சி. கேர் பட்டியலைக் காட்டி வாதிடுவது இனி உதவாது. 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. அதைக் கைவிட்டு, தரம் பார்க்கும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டது. புகழ்பெற்ற இதழின் பெயரையும், இதழுக்கான எட்டிலக்க அடையாளமான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துபவர்கள் உண்டு என்பதால் தளத்தின் முகவரியை ஐ.எஸ்.எஸ்.என். தளத்திலுள்ள பதிவோடு ஒப்பிடுங்கள். எண் இட்டுக்கட்டியதா என்பதைத் தாளில் கணக்கிட்டும் பார்க்கலாம். முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, எட்டாம் இலக்கத்தைச் சேர்த்தால் வரும் எண் 11-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யின் எண் 0012-9976: 6, 10, 36, 27, 14 எல்லாம் கூட்டினால் 93, கடைசி 6-ஐச் சேர்த்தால் 99. எட்டாம் இடத்தில் 'எக்ஸ்' இருந்தால் அதன் மதிப்பு 10. வகுபடாத எண் போலி என்பது உறுதி. வகுபடும் எண் திருடப்பட்டதாகவும் இருக்கலாம். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழானால், அத்தகைய இதழ்களைத் தொகுத்துத் தரும் டி.ஓ.ஏ.ஜே. கோவையில் இடம்பெற்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் இந்த ஊரில் எங்குமே படி இல்லை

இப்போதுதான் நூலகரிடம் கோரிக்கை வைக்க வேண்டிய நேரம். உங்கள் நூலகம், நூலகங்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் வலையமைப்பான டெல்நெட்டில் உறுப்பினராக இருந்தால் வேறு நூலகத்திலிருந்து கட்டுரையின் நகலை வரவழைத்துத் தருவார். பழைய தமிழ் இதழானால் சென்னையில் உள்ள கன்னிமாரா நூலகத்துக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கும் எழுதலாம். வண்டி ஏறுவதற்கு முன் அந்தத் தொகுதி இருக்கிறதா, பார்வைக்குத் தரும் நிலையில் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டத்தின்படி நூல்களைப் பெறும் நான்கு நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று என்றாலும், அனுப்பாமல் விட்ட சிறு இதழ்கள் ஏராளம்.

கோரிக்கையில் ஆசிரியர், தலைப்பு, இதழ், தொகுதி, இதழ் எண், ஆண்டு, பக்கம் என்பவற்றோடு, அந்தக் குறிப்பை எந்த நூலின் எந்தப் பக்கத்தில் கண்டீர்கள் என்பதையும், இதுவரை எங்கெல்லாம் தேடினீர்கள் என்பதையும் எழுதுங்கள். திரையில் வந்த பிழைச்செய்தியைச் சொந்தச் சொற்களில் விளக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்புங்கள், முகவரிப்பட்டை தெரியட்டும். என்றைக்குள் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். "அவசரம்" என்று மட்டும் எழுதினால், அதே சொல்லோடு வரும் மற்றக் கோரிக்கைகளின் அடியில் உங்களுடையதும் கிடக்கும்.